இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

ஜும்பெர் வண்டியை நிறுத்தவில்லை,
கொண்டுவந்து போட்டான் பட்டறை வாசலில்,
பாதிச் சக்கரம் என் பனிக்குவியல்மேல்.
"இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில்
எஞ்சின் கத்துகிறது, லம்சீரா.
வண்டி யோசிக்கிறது.
அப்புறம் முதுகில் ஓர் உதை.
பின்சீட்டில் இருந்த பல் டாக்டர்
திபிலீசி வரும்வரை என்னோடு பேசவே இல்லை."

ருஸ்தாவியில் ஏற்கெனவே மூன்று பேர் பார்த்தாயிற்று.
மூவரும் பானெட்டைத் திறக்காமலே சொன்னது:
கியர்பாக்ஸ் போச்சு.

குளிரில் கேட்டால்
எந்த கியர்பாக்ஸும் பொய் சொல்லும்.
இருபது நிமிடம் ஓடவிட்டேன்.
பிரேக்கை அழுத்திக்கொண்டு
பி, ஆர், என், டி,
ஒவ்வொன்றிலும் மூன்று எண்ணும் நேரம்,
திரும்பப் பி.
எஞ்சின் ஓட ஓடவே குச்சியை உருவி
வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு.

சிவப்புதான். பிழிந்த அன்றைய மாதுளை இல்லை,
நாலு நாள் வெளியே இருந்த மாதுளை.
மூக்கருகே வைத்தேன், கருகல் இல்லை.
விரலிடுக்கில் தேய்த்தேன், நறநறப்பு இல்லை.
வெள்ளத்தில் மூழ்கி ஏலத்தில் வந்த அமெரிக்க வண்டி;
தண்ணீர் புகுந்திருந்தால்
ரோஸ்மில்க் நிறம் காட்டியிருக்கும்.
எண்ணெய் சாட்சி சொல்லிவிட்டது:
உள்ளே யாரும் சாகவில்லை.

ஸ்கேனரிடம் ஒரே ஒரு புகார் இருந்தது:
லீவர் எங்கே நிற்கிறதென்று
எனக்குத் தெரியவில்லை.

எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து,
ஓத்தியாவை உள்ளே உட்காரவைத்துவிட்டுக்
கீழே படுத்தேன்.
தரையின் குளிர் என் முதுகெலும்புகளை
ஒவ்வொன்றாக எண்ணியது.
"டி போடு."
கேபிள் முனை கொஞ்சம் ஆடி, கொஞ்சம் தயங்கி
டிக்கு ஒரு விரற்கடை முன்பே நின்றுகொண்டது.
"போட்டாயா?"
"போட்டாச்சே!"
அவன் பொய் சொல்லவில்லை.
கையில் டி. அடியில் அரை டி.
முனையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ்,
சட்டைப் பொத்தான் அளவு,
எப்போதோ பொடிந்து
எந்தச் சாலையிலோ உதிர்ந்துவிட்டது.
வால்வு அரைகுறையாகத் திறந்தால்
அழுத்தமும் அரைகுறைதானே.
கிளட்ச் வழுக்கும்,
வழுக்கி, பதறிப்போய்ப் பிடிக்கும்.
டாக்டர் வாங்கியது அந்த உதை.

பன்னிரண்டு லாரி, என்றேன்.
(லாரி எங்கள் ஊர்க் காசு. வண்டி இல்லை.)

சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன்.
ஜும்பெர் தொப்பியைக் கழற்றினான்,
மறுபடி போட்டுக்கொண்டான்,
டிக்கியைத் திறந்தான்.

பழைய போர்வையில் சுற்றி,
வாயில் துணி அடைத்து
ஒரு கியர்பாக்ஸ்.

"ஆயிரத்து நூறு. காலையில்தான்.
திருப்பி எடுக்க மாட்டானாம்."
ஓத்தியா சிரிப்பை அடக்க
டயர்களைப் பார்க்கப் போய்விட்டான்.
"வாங்கிவிட்டேனே," என்றான் ஜும்பெர், "மாட்டிவிடேன்."
"நன்றாக இருப்பதைக் கழற்றிவிட்டா?"
"பின்னே? நார்கிசா கேட்டால்
என்ன சொல்ல, சாப்பாட்டு மேசைமேல் வைக்கவா இதை?"

அதற்கேற்ற ஸ்பேனர் என்னிடம் இல்லை.
புதிய புஷ்ஷை அழுத்தினேன்.
டக் என்றது.
கேபிளை நேராக்கிப் பாலம்வரை ஓட்டிப் பார்த்தோம்.
ஒன்று. இரண்டு.
மூன்று வந்ததை அவன் கவனிக்கவே இல்லை,
எஞ்சின் குரல் தணிந்ததில் நான் கண்டுகொண்டேன்.
திருப்பத்தில் பின்னால் அது
ஒருமுறை புரண்டு படுத்தது.

அது ஜனவரி. இப்போது ஏப்ரல்.
தினமும் பட்டறையைத் தாண்டிப் போகிறான்,
பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கி,
கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டு.
பயணிகள்
பெட்டிகளை மடியில் வைத்திருக்கிறார்கள்.