இரவு இரண்டு மணி

பாராட்டுரை படித்த துணை முதல்வர்
முப்பத்தொரு ஆண்டுகள் என்றார்.
பெரியநாயகி மேடம் லேசாகச் சிரித்தார்.
அவர் எண்ணுவது பூஜ்யத்திலிருந்து.

சால்வை, சந்தன மாலை,
யார் ஓய்வு பெற்றாலும் இந்தத் துறை கொடுக்கும்
அதே சுவர்க்கடிகாரம்.
பண்ருட்டி முந்திரியில் பர்ஃபி. மிக்சர்.
மணி நாலே முக்கால்.

எனக்கு மாடியில் வேலை இருந்தது.
அலுவலகத் தாள் சொன்னது:
'ஐந்து மணிக்குள் அன்னாரது கணக்கை நீக்கவும்.
பொறுப்பு: ராயப்பன், லேப் உதவியாளர்.'

தேவனாம்பட்டினத்துக் காற்று இரும்பைத் தின்னும்.
எழுபது கணினிகளுக்கு மேல்
நானும் மேடமும் வழியனுப்பியிருக்கிறோம்.
ஐப்பசியில் வெயில் தலைகாட்டும் நாளில்
கீபோர்டுகளைக் கழற்றி மொட்டை மாடியில் காயவைப்போம்,
வடாம் மாதிரி.
ஒருமுறை 'கே' பட்டனைக் காக்காய் தூக்கிப் போனது.
அன்று பிரேக் எழுத முடியாமல்
ஒரு பையனின் லூப்
மதியச் சாப்பாடு வரை ஓடியது.
மேடம் அதை நிறுத்தவிடவில்லை.
"ஓடட்டும், எங்கே போகுதுன்னு பார்ப்போம்."

செமிகோலன் விட்டவர்களை அவர் திட்டியதில்லை.
"அதான் மெஷினே திட்டிடுச்சே."
செருப்போடு லேபுக்குள் வந்தவர்களை
மெஷின் திட்டாது.
அதனால் அதை அவர் பார்த்துக்கொண்டார்.

தானே புயல் இரவில் ஜன்னல் பெயர்ந்தது.
சர்வர் மேல் தார்ப்பாயைப் பிடித்தபடி
விடியும்வரை நின்றேன்.
காப்பாற்ற முடியவில்லை.
மூன்று வருட மதிப்பெண்கள் தண்ணீரில்.
விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி
நடந்தே வந்தார்.
வந்ததும் கேட்டது,
"யு.பி.எஸ். பாட்டரியை ஏன் மாத்தலை?"
பில் மூன்று மாதமாய் உங்கள் மேஜையில் கிடக்கிறது என்றேன்.
அதோடு ஆறு வருடம்
எங்களுக்குள் பேச்சில்லை.
குறிப்புச் சீட்டு, தலையசைப்பு, அவ்வளவுதான்.

நீக்கும்முன் பார்ப்பது வழக்கம்:
இந்தப் பெயரில் இன்னும் ஏதாவது ஓடுகிறதா?
ஒன்று இருந்தது.
தினமும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து
மதிப்பெண், வருகைப்பதிவு,
பையன்கள் பாதியில் விட்ட புராஜெக்ட் எல்லாவற்றையும்
வடலூர்க் கிளைக்கு நகலெடுத்து அனுப்பிவிட்டுப்
படுத்துக்கொள்ளும் பதினெட்டு வரிகள்.
தேதி, புயலுக்கு ஒன்பதாம் நாள்.

முதல் வரி மெஷின் படிக்காத வரி.
மனிதருக்காக விடும் குறிப்பு.
ஆங்கில எழுத்தில் தமிழ்:
'இனிமே ராயப்பன் ராத்திரி நிக்க வேணாம்.'

விசிறிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
பிறகு பதினெட்டு வரிகளையும்
என் பெயருக்கு மாற்றினேன்.
குறிப்பைத் தொடவில்லை.
கணக்கை நீக்கினேன். உத்தரவு உத்தரவுதான்.
நாலு ஐம்பத்தெட்டு.

கீழே
கடிகாரத்தை ஸ்கூட்டியில் எப்படி வைப்பதென்று
அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.
கால் வைக்கும் இடத்தில் சாய்த்துக் கொடுத்தேன்.
முள் பத்து பத்திலேயே நின்றிருந்தது.
பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். காலி.
"பாத்தியா ராயப்பா," என்றார்,
"இங்கேயும் பாட்டரி."