ஆறா, ஆறரையா

கணக்கு இப்படித்தான்.
நவம்பரில் பிறந்து அக்டோபரில் முடியும் எங்கள் ஆண்டு.
ஒரு குதிரை, ஓர் ஆள், இரண்டும் சேர்ந்தே ஒரு பெயர்;
குதிரை மாறினால் மறுபடி பூச்சியம்.
எத்தனை போட்டிக்குப் போனாலும்
மேலான ஐந்துதான் செல்லும்.
அந்த ஐந்தும் மூன்று நடுவர்களிடமாவது வாங்கியதாக இருக்கவேண்டும்,
ஒரே கண்ணுக்கு அழகாய் இருந்தால் போதாதாம்.
அதோடு இரண்டு நாள் ஊழியம்:
கார் நிறுத்த வழி காட்டலாம்,
சாணி அள்ளலாம்,
நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து
அவர் சொல்லச் சொல்ல எழுதலாம்.

நான் எழுதுகிறவன்.
குதிரை மேல் ஏறியதே இல்லை.
மகள் சாம்பவி ஏறினாள், நாலு வருடம்.
பிறகு லீட்ஸுக்குப் படிக்கப் போனாள்,
குதிரையை லெட்பரிக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார்.
வீட்டில் மிஞ்சியது ஒரு ஹெல்மெட்.
கிளப்பில் மிஞ்சியது நான்.
கணக்குப்பிள்ளை வேலைக்கு இங்கே
யாரும் போட்டி போடுவதில்லை.

இன்று பிராம்யார்டில், ஊர் மண்டபத்தில்,
நீண்ட மேசை நிறையக் கோப்பைகள்.
போன வருடம் வென்றவர்கள் துலக்கித் தரவேண்டும், அதுவும் விதி.
ஒன்றில் பாலிஷ் வாசம் போகவில்லை,
ஒன்றின் அடியில் யாரோ பூ வைத்த கறை.
சிவப்பு ரிப்பன் முதலிடம், நீலம் இரண்டாவது,
மஞ்சளுக்கும் கை தட்டுவார்கள்.

நோவிஸ் பிரிவு:
ரோவினா கில்பின், பர்டாக், 67.41.
டிலிஸ் ப்ராபர்ட், டாப்சன், 67.38.
இடையில் இருப்பது
பிடரியில் ஒரு மயிரின் எடை.

ஜூலையில் ஒரு மழை.
ஆவெரில் தாக்வேயின் பழைய வோல்வோவுக்குள்
அவரும் நானும், ஓடும் வைப்பரும்.
களத்தைச் சுற்றி எழுத்துகள் நட்டிருந்தார்கள்,
ஏ, கே, ஈ, எச், சி,
அரிச்சுவடியைக் கீழே போட்டு
பொறுக்கி அடுக்கியதுபோல.
நட்ட நடுவே எக்ஸ்.
அதற்கு மட்டும் பலகை கிடையாது.
இருப்பதாக நம்பி
அங்கே வந்து நின்று தலை வணங்குவார்கள்.

டிலிஸ் இடப்பக்க வட்டம் போட்டாள்.
‘சிக்ஸ்’ என்றார் ஆவெரில்.
அதன் பிறகு அவர் ஏதோ சொன்னார்,
அல்லது கூரையில் மழை சொன்னது.
ஆறு என்று எழுதினேன்.
ஆறரையாக இருக்கலாம்.
கேட்டிருக்கலாம்.
அதற்குள் டாப்சன் அடுத்த மூலையில் இருந்தான்,
அடுத்த எண் வந்துவிட்டது.
தாளின் அடியில் ஆவெரில் கையெழுத்துப் போட்டார்.
ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நிமிடத்துக்குள் வரலாம்.
யாரும் வரவில்லை.

இருநூற்று முப்பதில் ஓர் அரை,
அதை ஐந்தால் வகுத்தால்
பூச்சியம், புள்ளி, பூச்சியம், நான்கு.
நேற்றிரவு மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
தேவைப்பட்டது மூன்றுதான்.

ரிப்பன்களைக் கொடுத்து முடித்த பிறகுதான்
தேநீர் அடுப்பருகே டிலிஸிடம் போனேன்.
பிறகுதான் போனேன் என்பதையும்
இங்கே எழுதிவைக்கிறேன்.
மழை, கூரை, அரை என்று
கோர்வையில்லாமல் சொன்னேன்.
பிஸ்கெட்டை நனைத்தபடி கேட்டாள்.
‘எந்த வட்டம்?’
‘இடப்பக்கம். ஈ-யில் தொடங்கியது.’
‘ஆறுதான்,’ என்றாள்.
‘வெளித்தோளைத் தள்ளிக்கொண்டே போனான்.
நானாயிருந்தால் ஐந்தரை.’

அங்கே ரோவினா கோப்பையோடு படத்துக்கு நிற்கிறாள்.
பெயர் பொறிக்கிற செலவு அவளுடையது, விதி.
டிலிஸின் கோட்டுப் பையிலிருந்து
நீல ரிப்பனின் வால் எட்டிப் பார்க்கிறது.
அவள் குதிரையை அறிந்து சொன்னாளா,
என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா?
முப்பது நிமிடம் எப்போதோ போய்விட்டது.

‘மார்ச்சில் கார் நிறுத்த ஆள் போதாது,
வருவீர்கள்தானே?’ என்கிறாள்.
தலையாட்டுகிறேன்.
ஒரு மடக்கு விழுங்கிப் பார்த்தால்
தேநீர் ஆறியிருக்கிறது.
ஆறு, ஆறியது.
இந்தச் சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறதென்று
இவளுக்கு எப்படிச் சொல்ல?