வேகம் என்ற கட்டம்

ரைட்டர் பெயரை எழுதிக்கொண்டார்: குணவதி.
வயது, லைசென்ஸ் எண், வண்டி எண்.
பிறகு பேனாவைக் காற்றில் நிறுத்திக்கொண்டு
"எதிர்ல வந்தவன் என்ன ஸ்பீடுல வந்தான்?"

எந்த வெளிச்சத்தில் சார் என்று கேட்க நினைத்து
"தெரியல" என்றேன்.
"பார்த்துட்டுதானே திருப்புனே?"
பார்த்தேன்.
அதுதான் சிக்கலே.

ரேடியல் ரோடு. மணி மூன்று பத்து.
சதுப்பு நிலத்தை ஒட்டிப் பதினோரு கம்பம் எரியவில்லை
(நேற்றுப் போய் எண்ணினேன்).
சவாரியை இறக்கிவிட்டு யூ-டர்னில் நிற்கிறேன்.
இருட்டுக்குள் ஒற்றை விளக்கு,
ஒரு பொட்டு அளவு.
பொட்டு பெரிதாகவில்லை.
பெரிதாகாததைத் தூரத்தில் இருப்பதாகத்தான் கண் சொல்லும்.
காருக்கு இரண்டு விளக்கு, கிட்டே வர வர
நடுவில் இடம் அகலும், அதை வைத்து
ஏதோ ஒரு கணக்குப் போடலாம்.
ஒற்றை விளக்கு எதையும் அகட்டிக் காட்டாது.
நிற்பது போல நிற்கும்
நிற்பது போலவே நிற்கும்
அப்புறம் கதவில் இருக்கும்.

ஐந்து வருஷமாக ராத்திரி ஓட்டுகிறேன்.
கத்திப்பாராவில் ஏறினால் விளக்குக் கம்பங்கள்
கலைக்கிற சீட்டுக்கட்டு மாதிரி படபடக்கும்.
முள் நாற்பதைத் தாண்டியிருக்காது,
பின்சீட்டு ஆள் "பார்த்துப் போம்மா" என்பார்.
அதே ஆள், மதுரவாயல் பைபாஸ் இருட்டில்
எண்பதில் போகையில்
"ரோடே காலி, ஏன் ஊர்றீங்க?" என்பார்.
சுவர் இல்லை, மரம் இல்லை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இல்லை.
பக்கத்தில் பின்னோக்கி ஓட ஒன்றும் இல்லாவிட்டால்
நாமும் ஓடவில்லை.
முன்னால் கொஞ்சம் தார், அதுவும்
நம் விளக்கே கொட்டிய தார்.

ஒரு போகி விடியலில் ஏர்போர்ட்டுக்குப் போனேன்.
பல்லாவரம் முழுக்க டயர்ப் புகை பனியில் உறைந்து
கெட்டித் தயிர் மாதிரி.
உருட்டிக்கொண்டுதான் போகிறேன் என்று நினைத்தேன்.
முள் அறுபத்தைந்தில்.
ரிப்பேர் என்று விரலால் தட்டிப் பார்த்தேன்.
அசையவில்லை.

புது வெள்ளை விளக்குகள் முடிகிற இடம் இன்னும் மோசம்.
இருட்டுக்குள் நுழைந்த முதல் சில நொடி
கண் பழைய இடத்திலேயே நின்றுவிடும்,
வண்டி மட்டும் போகும்.

இதையெல்லாம் ரைட்டரிடம் சொல்லவில்லை.
அவருக்கு ஓர் எண் வேண்டும்.

பையன் பெயர் ஜெபசிங். சிறுசேரியில் நைட் ஷிஃப்ட்.
காறை எலும்பு முறிந்து
குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான்.
ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்,
ஒரு கையால் உரிக்க முடியாது என்று
அங்கே போன பிறகுதான் தோன்றியது.
உரித்துக் கொடுத்தேன்.
"முப்பதுலதான்க்கா வந்தேன்" என்றான்.
"மீட்டர்ல லைட் எரியாது. ஆனா முப்பதுதான்.
ரோடு நகரவே இல்லக்கா."
போலீஸ் டேப் பிடித்து அளந்த டயர்க் கோடு
இருபத்தாறு மீட்டர்.
அவன் பொய் சொல்லவில்லை.
அவன் சுளையை மென்று முடிக்கும்வரை
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏதாவது சொல்லும்மா. கட்டத்தை வெறுமனே விட முடியாது."

ஸ்டேஷனில் பழைய சோக் வைத்த டியூப்லைட்,
உறுமிக்கொண்டே எரிகிறது.
அதற்குக் கீழே ஃபேன்.
மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிய
சாவகாசமாக, பின்பக்கமாகச் சுற்றுகிறது.
மேசையில் மட்டும் காகிதங்கள்
பேப்பர்வெயிட்டைப் பிய்த்துக்கொண்டு பறக்கத் துடிக்கின்றன.

"அது என்ன ஸ்பீடுல சுத்துது சார்?"

அண்ணாந்து பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
ரெகுலேட்டரைப் பார்த்தார், அது ஐந்தில்.
மறுபடி மேலே.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு
டிராயரைத் திறந்து
பென்சில் தேட ஆரம்பித்தார்.