குறிப்பு: ஒன்றுமில்லை

படிவத்தில் கடைசிக் கட்டம் ‘குறிப்பு’.
பதினோரு வருடமாக, நாளைக்கு எட்டு முறை,
அதில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவருகிறேன்.
இந்தச் சொல்லை இத்தனை தடவை எழுதியவர்
இந்திகிர்கா ஆற்றங்கரையில் வேறு யாருமில்லை.
தத்துவம் படித்தவர்களிலும் இருக்க மாட்டார்கள்.

மூன்று மணிக்கு ஒருமுறை விளக்கோடு போக வேண்டும்.
நாற்பது தப்படி, கயிற்றைப் பிடித்தபடி.
வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்ததும்
மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.
மூச்சு பட்டால் சாராயக் குழாய் ஏறிவிடும்.
குளிரின் சரியான எண் வேண்டுமென்றால்
அந்த நேரத்துக்கு நீ அங்கே இல்லாதவளாக இருக்க வேண்டும்.
பயிற்சியில் சொன்னது. அன்று சிரித்தேன்.

ஸ்பிரிதோன் சிரிக்கவில்லை.
என்னோடு ஆறு குளிர்காலம் இருந்தவன்.
‘ஆய்த்தலினா, இந்த எண்கள் எங்கே போகின்றன?’
யாகூத்ஸ்குக்கு.
‘அங்கிருந்து?’
மாஸ்கோவுக்கு.
‘அங்கிருந்து?’
ஏதோ ஒரு இழுப்பறைக்கு, என்றேன்.
‘நாமும்தான்’ என்று சொல்லி
மீன்சாற்றை ஊதி ஊதிக் குடித்தான்.
மே மாதம் ஹெலிகாப்டர் வந்தது. ஏறிப் போய்விட்டான்.
இப்போது நகரத்தில் கதவு விற்கிறான்.

அவனுக்குப் பதிலாக அதே ஹெலிகாப்டர்
ஒரு இயந்திரத்தை இறக்கிவிட்டுப் போனது.
அது மூச்சு விடுவதில்லை.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
தானே அளந்து தானே அனுப்புகிறது.
‘ஒப்பந்தம் முடியும்வரை நீயும் எழுது’ என்றார்கள்.
உப்புக்குச் சப்பாணி.

ஜனவரி. விடிகாலை மூன்று.
எழுந்திருக்கவில்லை.
பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம்.
இங்கே பூனை விழித்திருந்தாலும் அதே இருட்டு.
போர்வைக்குள் கிடந்தபடியே எழுதினேன்:
கழித்தல் நாற்பத்தேழு புள்ளி மூன்று.
குறிப்பு: ஒன்றுமில்லை.

காத்திருந்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை. ஆறு உறைந்தபடியே கிடந்தது.
நாய் வழக்கமான தூணை நனைத்துவிட்டு வந்தது.
ஸ்பிரிதோன் சொன்னதை நிரூபித்துவிட்ட மகிழ்ச்சியில்
இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன்.
மூன்றாம் நாள், ரொட்டி அறுக்கும்போது,
நாற்பத்தேழு புள்ளி மூன்று.
பல்லிடுக்கில் மீன்முள்.
நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது.

எல்லாம் ஒன்றுதான் என்றால்
இந்த ஒன்று மட்டும் எப்படிப் பொய்யாகும்?

அலமாரியில் பழைய பதிவேடுகள்.
எவனோ ஒருவன், பெயர் அழிந்துவிட்டது, ஒரு மார்ச்சில்:
‘கண்ணாடி உடைந்தது. இன்றைய எண் ஊகம்.’
ஊகம் என்பதற்கு அடியில் இரண்டு கோடு.
யார் படிப்பார்கள் என்று
அந்த இரண்டாவது கோட்டைப் போட்டான்?

வானொலியில் அழைத்தேன். அந்த எண் நானாகப் போட்டது.
கவ்ரீல் இரைச்சலுக்கு நடுவே கேட்டான்: ‘எந்த எண்?’
சொன்னேன்.
‘விட்டுத்தள்ளு. சராசரியில் கரைந்துவிடும்.’
அன்பாகத்தான் சொன்னான்.
ஒலிவாங்கியை அதன் கொக்கியில் மாட்ட
எனக்கு மூன்று முறை ஆயிற்று.

அன்றிரவு ஒன்பது மணிக்குப் போனேன்.
கயிறு, நாற்பது தப்படி, கதவு.
மூச்சை அடக்கிப் படித்தேன்:
கழித்தல் ஐம்பத்தொன்று புள்ளி எட்டு.
எழுதினேன்.
பிறகு, எழுதி முடித்த பிறகுதான்,
முகத்தைக் கிட்டே கொண்டுபோய்
ஹா என்று ஊதினேன்.
சிவப்புக் கோடு யோசித்தது. நகர்ந்தது.
ஐம்பத்தொன்று புள்ளி ஆறு.

பத்தில் இரண்டு பாகை.
அவ்வளவுதான் நான்.
அதற்கு மேல் சொன்னால்
அது இன்னொரு நாற்பத்தேழு புள்ளி மூன்று.

கோடு இறங்கி, எட்டில் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
இமைகள் ஒட்டிக்கொண்டன. விரலால் பிரித்தேன்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
‘அளந்தவள் மூச்சு விட்டாள், அளந்த பின்.’
யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி போனேன்.
காற்று இல்லை. மேகம் இல்லை. பனி விழவில்லை.
விளக்கை அணைத்துவிட்டு
ஒவ்வொரு திசையாகத் திரும்பி நின்று பார்த்துவிட்டு
எழுதினேன்:
ஒன்றுமில்லை.