நாலாம் தளம்

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்
நாலாம் தளம் எங்களுடையது.
தோளில் பிள்ளை, கையில் உருளைக்கிழங்குப் பை.
இரண்டாம் தளத்துத் திருப்பத்தில் ஒரு தும்மல்,
அவ்வளவுதான்.
தொடை வழியே இறங்கிய சூடு
காலுறைக்குள் போய்க் குளிர்ந்தது.
கதவைத் திறந்த மொரீசெத்
"கடல்காற்று பொல்லாதது, போர்த்திக்கொள்" என்றாள்.
கால்களைச் சேர்த்து வைத்தபடி
தலையை மட்டும் ஆட்டினேன்.

பிள்ளையின் எடையைக் கிராம் பிசகாமல் சொன்னார்கள்.
தையல் எத்தனை என்றும் சொன்னார்கள்.
பத்து அமர்வுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.
அது குளிர்பெட்டிக் கதவில்
மத்தி மீன் காந்தத்துக்கு அடியில்
ஐந்து மாதம் கிடந்தது,
குப்பை வண்டி வரும் நாட்களின் அட்டவணையோடு.

நான் பொம்பார்து ஊதுகிறவள்.
துவார்னனே துறைமுகத்தில் கல்யாணம் என்றால்
கூல்வெனும் நானும்தான்.
அவனுடையது தோல்பை வைத்த பினியூ.
என்னுடையது முழத்துக்கும் குறைந்த கருங்காலி.
சீவாளியின் இரண்டு உதடுகளுக்கு நடுவே
ஒரு தலைமயிர் புகும் இடம்;
அதற்குள் திணிக்கும் காற்று
வயிற்றின் அடியிலிருந்து வரவேண்டும்.
பிள்ளை பிறந்தபின் முதல் ஒத்திகை,
முதல் மேல்ஸ்தாயிச் சுரம்.
அன்று நாற்காலியை விட்டுக் கடைசியாக எழுந்தவள் நான்.
கறுப்புக் கால்சட்டை காப்பாற்றியது.

மீன் ஏலக்கூடத்துக்கு மேலே கத்தெலின் அறை.
மேசையில் பிளாஸ்டிக் இடுப்பெலும்பு,
அதன் குழிக்குள் பேனாக்கள்.
இதுதான் உன் இடுப்புத் தளம் என்று
விரல்களைப் பின்னித் தூளிபோல் தொங்கவிட்டுக் காட்டினாள்.
கையுறை மாட்டியபின் நிறுத்தி
"தொடலாமா?" என்றாள்.
கருத்தரித்த நாள் முதல் எத்தனையோ கைகள்.
கேட்ட கை இது ஒன்றுதான்.

"லிஃப்ட் என்று நினைத்துக்கொள்.
மூச்சை விட்டபடி கதவைச் சாத்து.
முதல் தளம். இரண்டாம் தளம்."
எனக்கு லிஃப்ட் பழக்கமில்லையே என்றேன்.
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
"பார், சிரிக்கும்போது நன்றாக இறுகுகிறது" என்றாள்,
மழை விட்டதைச் சொல்வதுபோல.

மூன்றாம் வாரம் பொம்பார்தைக் கொண்டுவரச் சொன்னாள்.
ஊதினேன்.
கீழே ஏலக்காரன் கத்துவதை நிறுத்தினான்.
"நீ பலவீனமில்லை.
நீ இறங்குவதே இல்லை.
இரவும் பகலும் நாலாம் தளத்திலேயே நிற்கிறாய்.
ஏற்கெனவே உச்சியில் நிற்கும் தசை
தும்மல் வந்தால் எங்கே ஏறும்?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.
சிந்திவிடுமோ என்று பிடித்த பிடி
தூக்கத்திலும் விடாமல்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

கூல்வென்தான் தெரியாமல் பதில் சொன்னான்.
எங்கள் வாசிப்பில் ஓர் அடியை இருவரும் ஊதுவோம்,
அடுத்ததை அவன் மட்டும்.
அவன் பையில் காற்று இருக்கிறது;
எனக்கு அது மூச்சு வாங்கும் நேரம்.
பதினாறு வருடமாக அந்த இடைவெளியில்
உதட்டிலிருந்து குழலை எடுத்திருக்கிறேன்.
அன்றுதான் கீழேயும் எடுத்தேன்.
மூன்று, இரண்டு, ஒன்று, தரை.
திறந்த கதவு.
கொஞ்ச நேரம் யாரும் ஏறவில்லை.
அவன் முடிக்கும் தறுவாயில்
முதலில் தளம் ஏறியது,
பிறகு மூச்சு.

அக்டோபர் கல்யாணத்தில் பதினொரு சுற்று உலர்ந்தே போனது.
பன்னிரண்டாவதில் ஒரு சொட்டு.
நான் மட்டும் எண்ணிக்கொண்டேன்.

இரவு மாடிப்படியில் மொரீசெத்,
செவ்வாய்தோறும் எங்கே போகிறாய் என்றாள்.
சொன்னேன், சுற்றி வளைக்காமல்.
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"எனக்கு மூன்றாவது பையன் பிறந்ததிலிருந்து.
அவனுக்கே இப்போது நாற்பத்தெட்டு.
இந்த வயதில் போனால் சிரிப்பார்களா?"

உங்களையும் சிரிக்க வைப்பார்கள் என்றேன்.
முகவரி எழுத
அவள் சமையலறையில் பேனா தேடினோம்.