பதினோராவது கேள்வி

நேற்று எத்தனை நிமிடம் ஓடியாடி விளையாடினாய்?
படிவத்தில் பதினோராவது கேள்வி.
விளையாடவே இல்லை சார் என்கிறான் லோகித்.
ஆறாம் வகுப்பு, இருபத்தாறு கிலோ,
முழங்காலில் ஈரம் காயாத சிராய்ப்பு.
அப்ப இது?
அது விளையாட்டில்லை சார், கடைக்குப் போனது.

கடை ஆந்திராவில் இருக்கிறது.
பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பாக்கெட் விற்கக் கூடாதென்று
தலைமையாசிரியை மல்லுக்கட்டி ஜெயித்த மறுவாரம்
ஆற்றுக்கு அந்தக் கரையில்
ரமணம்மா ஒரு பெட்டிக்கடை திறந்தாள்.
சரம்சரமாய்த் தொங்கும் காற்று,
ஐந்து ரூபாய், தெலுங்கு எழுத்து, அடியில் கொஞ்சம் மசாலா.

மதியச் சோறு பன்னிரண்டு நாற்பதுக்கு.
முட்டையை வாயில் அடக்கிக்கொண்டு கிளம்புகிறது கூட்டம்.
வேலிக்காத்தானுக்குள் ஒற்றையடி, பிறகு மணல்.
இந்த ஆற்றில் தண்ணீர் ஓடியதைவிட
லாரி ஓடியது அதிகம்.
லாரிக் குழிகளைத் தாண்டி,
செருப்போடு வேகம் வராதென்று அதைக் கையில் பிடித்து,
கொதிக்கும் மணலில் குதிகால் படாமல்.
அப்படி ஓட நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.
அக்கரையில் "அக்கா, ரெண்டு இவ்வு."
இக்கரை வருவதற்குள் பாக்கெட் காலி.
ஒன்று பத்துக்கு மணி.
போக வர ஒன்றே முக்கால் கிலோமீட்டர்.

நான் பகுதிநேரம். வாரம் மூன்று அரைநாள் உடற்கல்வி.
விசில் ஒன்று, கைப்பந்து ஒன்று,
பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி கேட்டு எழுதிய கடிதம் ஒன்று.
என் பீரியடில் மூன்று சுற்று ஓடச் சொன்னால்
ஒருவனுக்கு வயிற்றுவலி,
ஒருத்திக்குச் செருப்பு அறுந்துவிட்டது,
லோகித் நொண்டுகிறான்.

சிரீஷா எழுதியது பூஜ்யம்.
கடைக்கும் அவள் போவதில்லை.
நாலரையிலிருந்து இருட்டும்வரை
விசைத்தறிக்குத் தார் சுற்றுகிறாள்.
வலது தோள் இடதைவிட ஒரு விரல் உயரம்.
உட்கார்ந்திருந்தாளா, உழைத்தாளா?
ஒரு கட்டத்தில்தான் டிக் போட வேண்டுமாம்,
இரண்டில் போட்டால் கணினி ஏற்காதாம்.

என்ன சாப்பிட்டாய் என்பது பதினேழாவது.
காலையில் பள்ளிக் கிச்சடி,
ராத்திரி சங்கடி, வேர்க்கடலைத் துவையல்.
பாக்கெட்டை எல்லோரும் மறைத்தார்கள்.
படிவத்து ஓரமெல்லாம் ஆரஞ்சு ரேகை,
முப்பத்திரண்டு சாட்சி.

ஐப்பசியில் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள்.
தரைப்பாலம் முழுகி, மணல் முழுகி,
ரமணம்மாவின் கடை அக்கரையில் ஒரு நீலக் கித்தான் பொட்டு.
பன்னிரண்டு நாள் பாக்கெட் இல்லை.
ஓட்டமும் இல்லை.
வகுப்பு வாசலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள்,
இரண்டாம் முறை சோறு கேட்டார்கள்.
மழைக்காகப் படிவத்துக்கு அவகாசம் கிடைத்தது,
மறுபடி எடை எடுத்தேன்.
ஆளுக்கு நானூறு கிராம் ஏறியிருந்தது.
நல்ல செய்திதான்.
லோகித் மட்டும் விசில் ஊதாமலே
மைதானத்தை ஒருமுறை சுற்றினான்,
இன்னொரு முறை,
பிறகு நின்று ஆற்றைப் பார்த்தான்.
கூப்பிட்டு எதையாவது சொல்லியிருக்கலாம்.
பந்தில் காற்றில்லை.

வெள்ளம் வடிந்த திங்கட்கிழமை
வேலிக்காத்தான் பக்கம் போய் நின்றேன்.
திட்டத்தான் போனேன்.
கையில் ஏன் ஸ்டாப் வாட்ச் இருந்தது என்று கேட்காதீர்கள்.
ஈரமணல், புதுக் குழிகள்,
முதலில் வந்தவன் பதினோரு நிமிடம் நாற்பது விநாடி.
என்னைப் பார்த்ததும் உறைந்தான்,
மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
என்ன செய்வதென்று தெரியாமல்
பாக்கெட்டை என் பக்கம் நீட்டினான்.
இரண்டு எடுத்தேன். உப்பு. உப்புக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

இரவு லோகித்தின் படிவத்தில்
பதினொன்றுக்கு எதிரே இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு
பன்னிரண்டு நிமிடம், தோராயமாக, என்று எழுதினேன்.
பதினேழின் ஓரத்தில்
ரேகை ஒன்று கூடிவிட்டது.