சிவப்புப் புள்ளி

கிருலப்பனைக் கால்வாய் சதுப்பாகி அகலும் இடத்தில்
மருதமரம் ஒன்றில் கமராவைக் கட்டினோம்
நானும் நதீகாவும்.
எதிர்க்கரையில் எழும்பிக்கொண்டிருந்தது
முப்பத்தொரு மாடி.

முதல் வாரம் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
தலையாட்டும் கோரை.
மழை.
கபரகொய்யா. அதன் வால். திரும்பவும் அதன் வால்.
மிதந்துவந்த றெஜிபோம் பெட்டியை
நான் எழுதிய மென்பொருள்
பூனை என்றது, எண்பத்தேழு வீத நம்பிக்கையோடு.

எட்டாம் இரவு, இரண்டு நாற்பதுக்கு,
உண்மையிலேயே வந்தது மீன்பிடிப் பூனை.
குந்தியிருந்து
முன்காலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எடுத்தது,
பூச்சி விழுந்தாற்போல.
மீனுக்கென்று அதுவும் ஒரு கருவி செய்து வைத்திருக்கிறது,
பற்றரி இல்லாமல்.

அடுத்த படத்தில்
அது எங்களைப் பார்த்தது.

ஒளி கண்ணுக்குத் தெரியாது என்று
கமரா வந்த பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள்.
பூனை பெட்டியை வாசிக்கவில்லை.
பத்தொன்பது நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுநாடா சுற்றினோம்.
படங்கள் புழுதி பிடித்தன.
புழுதிக்குள்
சாமத்தில் வீச்சுவலையோடு ஒருவர் வந்துபோவது தெரிந்தது.
மனிதர் என்றால் அழி:
ஒற்றை வரி, நானே எழுதியது,
நல்ல எண்ணத்தில்தான்.
அழியுமுன் ஒரு படத்தில் அவரும்
புள்ளியைக் கண்டுவிட்டுத்
தொப்பியை முகத்துக்கு இழுத்தார்.
எனக்கு அந்தப் பார்வை தெரியும்.
இரண்டு நாற்பதுப் பார்வை.

பிறகு முப்பத்தொரு மாடிக்காரர் அழைத்தார்கள்.
வரவேற்பறையில் பெரிய திரை வைக்கப்போகிறார்களாம்.
'பூனை தெரியும் வீடுகள்' என்று விளம்பரமாம்.
சரியான இடத்தை மட்டும் அனுப்புங்கள், மிஸ்.
தேநீர் நல்லாயிருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன்.

வீட்டுக்கு வந்து
தசமப் புள்ளிக்குப் பின்னாலிருந்த இலக்கங்களை
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
ஐந்து கிலோமீற்றர் தளர்ந்தது இடம்.
அனுப்பினேன்.

இப்போது அவர்களின் வரைபடத்தில்
வெள்ளவத்தை ரயில்பாதைக்கு அப்பால்
நடுக்கடலில் நிற்கிறது பூனை.
நதீகா பெரிதாக்கிப் பார்த்தாள்.
'மீன் உள்ள இடம்தானே' என்றாள்.